உடுப்பு மாற்றும் அறையில் எடுத்த முடிவுகள்

அந்த ஆஸ்பத்திரியின் குளிரை நீங்கள் நம்பமாட்டீர்கள். கையுறையை மாட்டுவதற்குள் பத்து விரலும் ராஜினாமா கொடுத்துவிடும். 1963இல் டொக்டர் படிப்பை முடித்துவிட்டு உள்ளகப் பயிற்சிக்காக நான் அங்கே போனபோது, மலைநாட்டு மூடுபனியில் பாதி என் அறையில்தான் குடியிருந்தது. பேச்சுத்துணைக்கும் அது ஒன்றுதான்.

எனக்குச் சத்திரசிகிச்சை படிக்க ஆசை. ஹட்டன் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் பொங்கினாள்.

"பிரசவம் பாத்தா போதாதாடி? கத்தியத் தூக்குறவள எவன் கட்டிக்குவான்?"

"பயப்படாதவனாப் பாத்துக் கட்டிக்கிறேம்மா."

"அப்ப ஒருத்தனும் வரமாட்டான்!"

பயிற்சிக்கு வந்தவர்கள் இரண்டு பேர். நானும், பூண்டுலோயாவிலிருந்து வந்த முத்துலிங்கமும். பயிற்சி முடிவில் எங்களில் ஒருவரைத்தான் பெரிய டொக்டர் ரத்நாயக்க சத்திரசிகிச்சை படிக்கக் கொழும்புக்கு அனுப்புவார். முத்துலிங்கம் நல்ல மனிதர். ரத்தத்தைக் கண்டால் முகம் தேங்காய்ப்பால் நிறத்துக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் பெரிய டொக்டர் பக்கத்தில் நிற்பது எப்போதும் அவர்தான். எனக்கு வெளிநோயாளர் பிரிவில் கட்டிகள். நோர்வூட்டிலிருந்து உடப்புசல்லாவை வரைக்கும் ஒரு கட்டி பாக்கியில்லாமல் நான்தான் கீறினேன் என்றால் கொஞ்சம்தான் மிகை.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் முத்துலிங்கத்தைக் கேட்டேன். "எப்பங்க இதெல்லாம் முடிவாகுது?"

"உடுப்பு மாத்துறப்பதான். பெரியவர் காற்சட்டையக் கழட்டிக்கிட்டே சொல்லிருவாரு. நீங்க ஆபரேஷன்ல நிக்க விருப்பமில்லாதவங்கன்னுல்ல அவரு நெனைச்சிருக்காரு. ஒருநாளும் கேக்கலியேன்னாரு."

எப்படிக் கேட்பது? டொக்டர்மாருக்கென்று கட்டிய அறை ஆண்களுக்கு. தாதிமார் அறை தாதிமாருக்கு. பெண் டொக்டர் என்று ஒருத்தி வருவாள் என்பது கட்டியவருக்குக் கனவிலும் தோன்றவில்லை. நான் நடையின் மறுகோடியில், படுக்கைவிரிப்பு அடுக்கும் அறையில் தனியாக உடுப்பு மாற்றி ஓடிவருவதற்குள் அங்கே எல்லாம் தீர்ந்திருக்கும்.

மறுநாள் என் அறையிலேயே தியேட்டர் உடுப்பைப் போட்டு, மேலே கம்பளிக்கோட்டை மாட்டிக்கொண்டு, ஆண்கள் அறைக் கதவுக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே ஒரே சிரிப்பு. கதவைத் தட்டினேன். ஹட்டன் ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும்.

"யாரது?"

"பூரணி, சேர். இன்றைக்கு முதல் கேஸில் நான் நிற்கவேண்டும்."

சிரிப்பு அறுந்தது. எதுவோ கீழே விழுந்தது. காற்சட்டைப் பட்டியாக இருக்கும்.

"உள்ளே வந்துவிடாதே!"

"வரமாட்டேன், சேர். பதிலை மட்டும் அனுப்புங்கள்."

நாங்கள் பேசியது இங்கிலீஷில். தமிழில் போட்டால் அவருடைய கிலி இன்னும் நன்றாகக் கேட்கிறது. கடைசியில், "சரி, நில்" என்று வந்தது.

முதல் கேஸ் வீரம்மா. நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள், வயிற்றில் குடல்வால் அழற்சி. அன்று நான் பக்கத்தில் நின்றேன். பாதியில் பெரியவர் கத்தியை என் கையில் தந்துவிட்டுத் தள்ளி நின்றார். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அந்தக் கதவுக்கு வெளியே நின்றேன். வேறு வழியில்லாமல் வேலைபிரிப்பதைத் தியேட்டர் வாசலுக்கே மாற்றிவிட்டார்.

சில வாரங்களில், பயிற்சி முடியுமுன் ஒரு காலையில் அந்த வாசலில்தான் சொன்னார், கொழும்புக்குப் போவது நான்தான் என்று.

தேநீர் வேளையில் செய்தியைச் சொல்ல டொக்டர்மார் தேநீர் குடிக்கும் அறைக்குள் போனேன். இங்கிலாந்து மகாராணி வந்ததுபோல அத்தனை பேரும் எழுந்தார்கள். முத்துலிங்கமும்தான். நான் வெளியேறும்வரை ஒருவரும் உட்காரவில்லை. தாதிமார் அறையை எட்டிப்பார்த்தேன். அங்கேயும் எழுந்துவிட்டார்கள். கோப்பையோடு நடையில் கொஞ்சநேரம் நின்றேன். ஜன்னலுக்கு வெளியே மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

பெண்கள் வார்டில் வீரம்மா திரும்பப் படுத்திருந்தாள். தையலில் சீழ் வைத்து, மலையிறங்கி வந்திருந்தாள். அவள் கட்டிலோரம் உட்கார்ந்தேன். அவள் எழவில்லை, எழவும் முடியாது.

"பெரிய டாக்டர் என்னைய ஆபரேஷன் படிக்க அனுப்புறாரும்மா."

"நல்லதுங்க. வீட்ல சொல்லியாச்சுங்களா?"

"இன்னும் இல்ல."

"கூட்டாளிங்ககிட்ட?"

"இல்ல."

"அடி ஆத்தி! எனக்குத்தான் மொதல்லயா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "போங்கம்மா, சிரிக்க வைக்காதீங்க. நீங்க தச்சது இழுக்குது."

நான் போகவில்லை. தேநீர் ஆறும்வரை அங்கேயே இருந்தேன்.