முதுகில் ஒரு மச்சம்

வீட்டில் யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள் என்று நர்ஸ் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! செல்போனில் மாட்டுகிற சின்ன லென்ஸ் ஒன்றையும் டெய்லரின் கையில் திணித்தாள். முதுகு மச்சத்தைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பினால், பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு அது புற்றுநோயாக இருக்குமா என்று சொல்வாராம். டெய்லரும் பெரிதாகத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். மனைவி இறந்து மூன்று வருஷம், வீட்டில் தையல் மெஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே கிடையாது என்று சொல்ல வாய் வரவில்லை. மனுஷனுக்கு அப்படி ஒரு ரோஷம்.

கதவைச் சாத்தி, சட்டையைக் கழற்றி, ஆளுயரக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றார். கை எட்டவில்லை. இடது கைக்கு மாற்றினார். எட்டியபோது பொத்தான் அமுங்கவில்லை. அமுங்கியபோது போன் நழுவியது. முதல் படத்தில் சுவர், அடுத்ததில் மின்விசிறி, அதற்கடுத்து அவர் காது. காது மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது, அதற்கென்ன கேடு! கடைசியில் கொஞ்சம் தோல் தெரிந்த ஒன்றை அனுப்பினார்.

பதில் வந்தது: "படம் ஆடியிருக்கிறது. எடுப்பவரை அசையாமல் பிடிக்கச் சொல்லவும்."

யாரிடம் போய்ச் சொல்வது? நோய் வந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஜீவன் இல்லையே!

மறுநாள் லென்ஸை நர்ஸின் மேஜைமேல் வைத்தார்.

"வீட்டுல யாரும் இல்லம்மா. அன்னிக்குச் சும்மா தலையாட்டிட்டேன்."

"அட, இதை அப்பவே சொல்லக்கூடாதா? சட்டையைக் கழட்டிட்டுத் திரும்பி உட்காருங்க." கண்மூடித் திறப்பதற்குள் படம் எடுத்துவிட்டாள். "வளருதான்னு டாக்டருக்குத் தெரியணும். முன்னாடி எவ்வளவு பெருசு இருந்துச்சு?"

"என் சம்சாரத்துக்குத்தான் தெரியும்" என்றார் டெய்லர்.

நர்ஸ் அவர் கழுத்தில் கிடந்த தையல் அளவு டேப்பை உருவி, விரலால் தோலை இழுத்துப் பிடித்து மச்சத்தை அளந்தாள்.

"அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. இனிமே மாசாமாசம் வாங்க, நானே பார்க்கிறேன்."

"சரியா அளந்தியாம்மா?"

"அளந்துட்டேனே."

டெய்லர் திரும்பவில்லை. அந்த முதுகில் ஒரு கை பட்டு எத்தனை காலமாகிவிட்டது!

"எதுக்கும் இன்னொரு தடவை அளந்து பாரும்மா" என்றார்.