சேதம் பார்க்க வந்தவர்

பயிர்ச் சேதம் பார்க்க வந்த அதிகாரி வரப்பில் கால் வைத்ததும், காய்ந்து சருகாகக் கிடந்த நான்கு ஏக்கர் சோளமும் பச்சையாகி எழுந்து நின்றது. அப்போது காலை பத்தே கால் மணி. அவர் இலையைத் தடவினார், மூன்று இடத்தில் தண்டைக் கிள்ளிப் பார்த்தார், படிவத்தில் ‘சேதம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய பைக் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் பயிர் மறுபடி காய்ந்துவிட்டது.

நிலத்துக்காரிக்கு ஊரில் வாயாடி என்று பெயர். மூன்று மாதமாக மழை இல்லை. அரசு நிவாரணம் வந்தால்தான் அடுத்த போகத்துக்கு விதை. வராவிட்டால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு நகரத்தில் வாட்ச்மேன் வேலைக்குப் போவது என்று அவள் கணவர் முடிவு செய்திருந்தார். அவளுக்கோ அந்த மண்ணை விட்டுப் போவதென்றால் உயிரே போவது மாதிரி. அதிகாரியையும் குறை சொல்ல முடியாது. பத்தொன்பது வருடம் அலுவலகத்துக்குள்ளேயே கோப்பு பார்த்தவரை வயலுக்கு அனுப்பியது அதுதான் முதல் முறை. பொய் எழுதி அவருக்குப் பழக்கமில்லை.

வாயாடி மறுமதிப்பீடு கேட்டு மனுப் போட்டாள். இரண்டாம் முறை அவரைப் பின்பக்கமாக நடந்து வரச் சொன்னாள். மூன்றாம் முறை சாலையிலேயே நிறுத்திக் குடையால் மறைத்துக் கூட்டிவந்தாள். பயிர் ஏமாறவில்லை. நான்காம் முறை, “சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்க” என்றாள்.

“கண்ணை மூடிக்கிட்டு எப்படிம்மா சேதம் பாக்கறது?”

“கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறவங்க எத்தனை பேரு இருக்காங்க சார்!”

“நான் அந்த ரகம் இல்லம்மா” என்று கண்ணைத் திறந்தபடியே வந்தார். அப்போதுதான் அவள் கவனித்தாள். முதல் முறை முழங்காலளவு நின்ற பயிர் இப்போது இடுப்புக்கு வந்திருந்தது. அவர் போனதும் வாடுகிறது, வந்ததும் விட்ட இடத்திலிருந்து வளர்கிறது. படிவத்தைத் திருப்பிப் படித்தாள். திருப்தி இல்லாத விவசாயி மறுமதிப்பீடு கேட்கலாம், கேட்டால் அதிகாரி மறுநாளே வர வேண்டும் என்று இருந்தது. எத்தனை தடவை கேட்கலாம் என்று அச்சடித்தவர்கள் யோசிக்கவில்லை.

“ஏங்க, நமக்கு நிவாரணமே வேணாம். பாக்க வர்றவரு வந்தாப் போதும்” என்று கணவரிடம் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து தினமும் மனுப் போட்டாள். அதிகாரியும் தினமும் வந்தார், தினமும் சேதம் இல்லை என்று எழுதினார். பயிர் பால் பிடிக்கும் சமயத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. கணவனும் மனைவியும் டிராக்டரில் மெத்தை போட்டு அவரை அழைத்துவந்து வயலுக்கு நடுவே படுக்கவைத்தார்கள். போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் நீட்டிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து நடுங்கியது, கதிர் நன்றாகவே முற்றியது.

முப்பத்தெட்டாம் நாள் அறுவடை. அவர் நிற்க நிற்க அறுத்தார்கள். அறுத்த கதிர் பிறகு வாடவில்லை. வாயாடி விதைக்கு இரண்டு மூட்டை தனியாகக் கட்டினாள். கணவர் நகரத்துக்குப் போன் போட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவளுக்கு அழுகை வந்தது. மூட்டைக்குப் பின்னால் போய் நின்று அழுது முடித்துவிட்டு வந்தாள்.

அன்று அவள் மனுப் போடவில்லை. இருந்தும் மறுநாள் பத்தே கால் மணிக்கு பைக் வந்து நின்றது.

“மனு எதுவும் வரலையேம்மா” என்றார் அதிகாரி, கொஞ்சம் வருத்தமாக. அலுவலகத்தில் அவருடைய வரவை யாரும் எதிர்பார்த்துக் காத்திருந்ததில்லை.

வாயாடி அவரை மேலும் கீழும் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் நிலத்தில் துவரை கருகி நின்றது. “வந்ததுதான் வந்தீங்க சார், அந்தப் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க” என்றாள். அவர் முகம் மலர்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். கொழுந்தன் மனுப் படிவம் வாங்கச் சைக்கிளை எடுத்தான்.