தீயணைப்புக் கொட்டகையின் இரண்டு பூட்டுகள்

அந்த ஊர் கெட்டுப்போன கதையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். திருடர்களே தங்கள் வீட்டுக்குப் பூட்டு வாங்க வரிசையில் நின்றார்கள். கடைசியில் பூட்டுக்கடையின் பூட்டும் களவுபோயிற்று. தெருநாய்கள்கூடத் துணையில்லாமல் முக்குத் திரும்புவதில்லை. வாரம் ஒரு வீடு எரிந்தது. எரித்தது எதிர்க்கட்சிதான் என்று இரண்டு கட்சியுமே சொன்னதால், ஆளுங்கட்சி எது என்பது ஜனங்களுக்கு மறந்தே போய்விட்டது.

இத்தனைக்கும் ஊரில் ஒரு தீயணைப்பு வண்டி இருந்தது. ஒரு கட்சி அதை ஊர்வலத்துக்குக் கொண்டுபோய்த் தலைவர்மேல் பன்னீர் அடிக்க, இன்னொரு கட்சி வழக்குப் போட, கொட்டகைக் கதவில் இரண்டு பூட்டு ஏறியது. ஒரு சாவி முதல் கட்சியின் தலைவர் மீசைக்காரரிடம். மற்றது அடுத்த கட்சியின் தலைவர் செண்டுக்காரரிடம். இவர் வருமுன்பே இவருடைய வாசனை வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும்.

வண்டியின் ஓட்டுநருக்கு வாசலில் காத்திருப்பதே உத்தியோகம். சட்டைப் பையில் ஒரு திருப்புளி, பழக்கதோஷம்.

ஒருநாள் மத்தியானம் அவர் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, கீழ்க் கடைக்குத் தீ வச்சிட்டாங்க. படிக்கட்டு பத்திக்கிச்சு. நான் மருந்து வாங்க வந்தேன், அவர் மேல தனியா இருக்கார். பக்கத்துல ஒருத்தரும் கதவைத் திறக்க மாட்டேங்கறாங்கண்ணே."

மாப்பிள்ளைக்குப் பக்கவாதம். கட்டிலைவிட்டு இறங்க முடியாது.

ஓட்டுநர் கூப்பிட்டதும் இரண்டு பேரும் வந்தார்கள். குறை சொல்லக் கூடாது, ஓடித்தான் வந்தார்கள். புகை அங்கிருந்தே தெரிந்தது.

"முதல்ல அவரைத் திறக்கச் சொல்லு," என்றார் மீசைக்காரர்.

"நான் திறந்ததும் இவர் சாவி தொலைஞ்சுபோச்சும்பாரு. பாலம் விஷயத்துல பட்டது போதும்," என்றார் செண்டுக்காரர்.

"பாலத்தை முழுங்கினது யாருய்யா?"

"ஏப்பம் விட்டது யாருன்னு ஊருக்கே தெரியும்."

ஓட்டுநர் காலில் விழுந்தார். முதலில் மீசைக்காரர் காலில் விழுந்துவிட்டார் என்று செண்டுக்காரருக்குக் கோபம்.

பேசிப் பேசி ஒருவழியாக இறங்கி வந்தார்கள். ஊர் சீரழியும்போது கட்சி பார்க்கக் கூடாது என்று இருவருமே சொன்னார்கள். அதை முதலில் சொன்னது யார் என்பதில் கொஞ்ச நேரம் போயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று சொன்னதும் சேர்ந்தே திறப்பது என்று முடிவு. ஓட்டுநர் எண்ணினார். மூன்றில் இரண்டு சாவியும் துளைக்குள் போயின. மற்றது முதலில் திரும்பட்டும் என்று இரண்டும் நின்றுவிட்டன. மறுபடி எண்ணினார். தொண்டை கட்டும்வரை எண்ணினார்.

கடைசியில் ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியே ஒரே பொய்யைச் சொன்னார். "போட்டோக்காரன் வர்றான். அவர் மட்டும் திறக்கற மாதிரி எடுத்துடப் போறான்."

இரண்டு பூட்டும் ஒன்றாக விழுந்தன.

வண்டி போய்ச் சேர்ந்தபோது எரிய ஒன்றும் மிச்சமில்லாமல் தீ தானே ஓய்ந்திருந்தது. தங்கை தெருவில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் சவப்பெட்டிக்கு முன்னால் ஒரு தோள் மீசைக்காரர், ஒரு தோள் செண்டுக்காரர். ஊரே கண்கலங்கியது. போகிற வழியிலேயே தங்கள் முதல் கூட்டுத் தீர்மானத்தையும் போட்டார்கள்: கொட்டகைக்கு மூன்றாவதாக ஒரு பூட்டு. சாவி ஓட்டுநரிடம் இருக்கலாம்.

எல்லோரும் கலைந்த பிறகு தங்கை கேட்டாள்.

"அந்தக் கதவுல ஒரு பக்கம்தானே பூட்டு?"

"ஆமாம்மா."

"மறுபக்கம்?"

"கீல்."

"அதை எதால மாட்டியிருக்கு?"

ஓட்டுநர் குனிந்தார். பையிலிருந்த திருப்புளி நெஞ்சில் குத்தியது.

"நீயும் அவங்க வாயையே பார்த்துக்கிட்டு நின்னியாண்ணே?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை.

அவர் நேரே கொட்டகைக்குப் போனார். வண்டி திரும்பியதுமே இரண்டு பூட்டும் மறுபடி ஏறியிருந்தன. திருகாணிகள் வெண்ணெயில் இருந்ததுபோல் வந்தன. ஒரு டீ ஆறுவதற்குள் கதவு, பூட்டியது பூட்டியபடி, கையோடு வந்துவிட்டது. சுவரில் சாய்த்தார். அடுத்த நாள் கட்சிக்காரர்கள் மூன்றாவது பூட்டைக் கொண்டுவந்து, சாய்ந்திருந்த அந்தக் கதவிலேயே மாட்டிவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் இருவரும் தினம் வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறார்கள். பக்கத்தில் வண்டி திறந்த வெளியில் நிற்கிறது. புகை தெரிந்தால் ஓட்டுநர் யாரையும் கேட்பதில்லை.

தங்கை இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறாள். சோறு போடுகிறாள். கதவைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் தேவலை.