தாஸ்ராவின் கள்ளித் தேன்

எங்கள் மலையூரான தாஸ்ராவில் இஸ்ஸாவின் சமையலறை மாடத்தில் இருக்கும் பாதி ஆப்பிள் பன்னிரண்டு ஆண்டுகளாக வெள்ளையாகவே இருக்கிறது. அவள் கணவன் பஸ்ஸு அதை வெட்டி ஒரு பாதியைத் தின்றான். மறுபாதியை வந்து தின்கிறேன் என்று சொல்லி ஓடையைத் தாண்டிப் போனவன், மலையில் பெய்த மழையின் வெள்ளத்தில் போய்விட்டான். அன்று தேன் பிழிந்துகொண்டிருந்த இஸ்ஸாவின் விரல்கள் அந்தப் பாதியில் பட்டிருந்தன. அது வாடவுமில்லை, பழுப்பேறவுமில்லை. ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. எல்லார் வீட்டிலும் அரிவாளுக்கும் கதவுக் கீலுக்கும் அந்தத் தேனைத்தான் தடவினார்கள். துரு என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமானால் கீழே பக்கத்து ஊருக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் மலைச்சரிவில் வேறு எதுவும் பெரிதாக முளைக்காது. கள்ளி மட்டும் மெத்தை மெத்தையாகப் படர்ந்து கிடக்கும். புல் கருகும் கோடையின் உச்சியில் அது மஞ்சளாகப் பூக்கும். தேனீக்கள் அதில்தான் பிழைக்கும். தேன் கருஞ்சிவப்பாக வரும். நாக்கில் இனித்து, தொண்டையில் மிளகு போல் எரிந்து, பிறகு நெஞ்சு முழுவதும் இதமாகப் பரவும். பஸ்ஸு போன பிறகு இஸ்ஸா அவனுடைய தேன்கூடுகளைத் தானே கவனித்தாள். மற்ற பெண்களையும் சேர்த்து ஒரு கூட்டுறவு சங்கம் வைத்தாள். ஐந்தாறு ஆண்டுகளில் தாஸ்ராவின் தேன் கீழே பெனி மெல்லால் நகரச் சந்தை வரை போயிற்று.

அங்கேதான் ஹாஜ் தவூதி இருந்தார். பல நகரங்களின் கடைகளில் இருந்தது அவருடைய தேன்; வெளிர் பொன்னிறம், வழுவழுப்பு, குழந்தையும் முகம் சுளிக்காது. தேன் திருவிழாக் குழுவின் தலைவரும் அவரே. ஒரு வசந்தத்தில், திருவிழா மேடையில் நின்று, கூட்டத்தின் முன்னால் இஸ்ஸாவின் தேனை ஒரு கரண்டி வாயில் விட்டு இருமினார்.

"தேனா இது? சர்க்கரையக் கருக்கி மிளகக் கலந்து வச்சிருக்கா. தொண்டை எரியுது பாருங்க."

இஸ்ஸா கீழேயிருந்தே பதில் சொன்னாள். "எரியறது தொண்டையா வயிறான்னு நல்லாப் பாத்துக்குங்க, ஹாஜி."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பை அவர் மன்னிக்கவில்லை. அன்று மாலையே தாஸ்ராவின் கடையைப் பிரிக்கச் சொன்னார்கள். கள்ளிப் பூவின் தேன் ஒரே நாளில் கள்ளி விற்ற தேனாகிவிட்டது. அதன் பிறகு சந்தையில் அதை வாங்குவாரில்லை. மூன்று கோடைகளின் தேன் குடங்களில் நிறைந்து, அறைகளில் நிறைந்து, கடைசியில் பள்ளிவாசலின் பின்கட்டிலும் நிறைந்தது. சங்கத்தில் பாதிப் பேர் பிள்ளைகளோடு நகரத்துக்கு வேலை தேடிப் போனார்கள். இஸ்ஸா மலையை விட்டு இறங்கவே இல்லை. பேருந்தில் ஏறினால் யாராவது கள்ளி என்ற அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தாள்; சொன்னால் தன் கை சும்மா இருக்காது என்று அதைவிட அதிகமாகப் பயந்தாள்.

நான்காவது வசந்தத்தில், ஒரு குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவளே இறங்கினாள். திருவிழாக் குழுவிடம் போகவில்லை. உணவுப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்துக்குப் போனாள். அதன் தலைமை வேதியியலாளர் நுஸ்ஹா, எதையும் மூன்று முறை அளக்காமல் நம்பாதவர். தன் திருமணத்துக்கே மூன்று முறை நாள் குறித்தவர் என்று அங்கே கேலி உண்டு.

"லல்லா இஸ்ஸா, உங்களுக்காகவும் சொல்ல மாட்டேன், ஹாஜிக்காகவும் சொல்ல மாட்டேன். குடத்துல என்ன இருக்கோ அதச் சொல்வேன்" என்றார் நுஸ்ஹா.

"அதத்தானே கேக்கறேன். என் மூஞ்சியப் பாத்துச் சொல்றதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. ஆனா ஒண்ணு, இங்க பூட்டுன அறைக்குள்ள வேணாம். அவரு எங்க சொன்னாரோ அங்க சொல்லணும்."

நுஸ்ஹா தன் கருவிகளைத் தானே பெட்டியில் அடுக்கினார். அந்த ஆண்டுத் திருவிழாவில், கூட்டத்தின் முன்னால் மறுக்க முடியாமல் ஹாஜ் தவூதியும் ஒப்புக்கொண்டார். தன் தேனையும் சேர்த்துச் சோதிக்கும்படி பெருந்தன்மையாகச் சொல்லவும் செய்தார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

திருவிழாப் பந்தலில் மேசை போட்டு நுஸ்ஹா காலையிலிருந்து அளந்தார். இஸ்ஸாவின் தேனில் ஈரம் குறைவு. தேனீ தன் வாயிலிருந்து சேர்க்கும் நொதி உயிரோடு துடித்தது. சூடு பட்டால் தேனில் பெருகும் பொருள் இருப்பதே தெரியவில்லை. கருக்கிய சர்க்கரையின் தடயம் எங்குமில்லை. ஹாஜ் தவூதியின் தேனில் நொதி என்றோ செத்திருந்தது. அந்தத் தேனை எத்தனை முறை அடுப்பில் ஏற்றினார்கள் என்று நுஸ்ஹா கேட்டபோது ஹாஜ் தண்ணீர் வேண்டும் என்றார்.

கடைசிச் சோதனை, கெட்டுப்போவதைத் தடுக்கும் வலிமைக்கானது. அதற்கு ஊதாநிறக் கரைசல் ஒன்று உண்டு. வலிமையுள்ள பொருள் பட்டால் அது மஞ்சளாகும். எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு வலிமை. ஹாஜ் தவூதியின் தேன் விழுந்த குழாய் ஊதாவாகவே நின்றது. மற்றொரு குழாயில் இஸ்ஸாவின் தேன் ஒரு சொட்டு விழுந்ததும் அது மஞ்சளாயிற்று. அடுத்து, தேன் படாத பக்கத்துக் குழாயும் மஞ்சளாயிற்று. அதன் பின் மூடி திறக்காத கரைசல் புட்டி. பிறகு பந்தலின் ஊதாத் தொங்கல்கள். அங்கிருந்து அது தெருவுக்கு இறங்கியது. இருபுறமும் ஊதாவாகப் பூத்திருந்த ஜக்கராந்தா மரங்கள், யாரோ விளக்குகளை வரிசையாக ஏற்றிக்கொண்டு போவதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளாயின. சந்தையில் கத்தரிக்காய்கள் எலுமிச்சை நிறமாயின. வியாபாரிகள் கூவுவதை நிறுத்தாமலே கூடையைத் திருப்பி வைத்தார்கள். ஊதா கஃப்தான் அங்கி அணிந்து ஊர்வலம் வந்த ஒரு மணப்பெண் குனிந்து பார்த்து, இதுதான் தனக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொல்லி மேலே நடந்தாள்.

ஊதாக் கரைசல் மிச்சமில்லாததால் நுஸ்ஹா மற்றச் சோதனைகளை இன்னும் இரண்டு முறை செய்தார். பிறகு மேடையேறி முடிவைப் படித்தார். "குழாய்ல நடந்ததுக்கு நான் பொறுப்பு. தெருவுல நடந்தத அளக்க எங்கிட்ட கருவி இல்ல. இந்தத் தேன் சுத்தமான தேன். நான் இதுவரைக்கும் பாத்ததுலயே வலுவான தேன்."

அன்று நகரில் மிச்சமிருந்த ஒரே ஊதா, ஹாஜ் தவூதியின் தேன் கலந்த அந்தக் குழாய்தான். மக்கள் அதைப் பார்க்க வரிசையில் நின்றார்கள்.

இஸ்ஸா அவரிடம் நஷ்டஈடு கேட்கவில்லை. தன் பெயரைத் திருப்பிக் கேட்டாள். அதே மேடையில், அதே ஒலிபெருக்கியில். ஹாஜ் தவூதி ஒலிபெருக்கியை வாங்கிச் சொன்னார்: "தாஸ்ரா இஸ்ஸாவோட தேன் தேன்தான். நான் சொன்னது பொய்." அவள் மூன்று ஆண்டுகளாக நெஞ்சுக்குள் கட்டி வைத்திருந்த பதில்களையெல்லாம் விட்டுவிட்டு, மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது. தாஸ்ராவின் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட, பந்தல் முழுவதும் அதை வாங்கி இட்டது. இருட்டுவதற்குள் அந்தக் குடம் காலியானது; மறுவாரம் பள்ளிவாசலின் பின்கட்டும் காலியாகி, அங்கே மறுபடியும் பாய் விரித்தார்கள். நகரத்துக்குப் போனவர்கள் கோடைக்கு முன் திரும்பிவிட்டார்கள், கள்ளி பூப்பதைத் தவறவிடக் கூடாதே என்று.

ஊதா திரும்பி வரவில்லை. முதல் ஆண்டு நகராட்சி மரங்களுக்கு மருந்தடித்துப் பார்த்தது. இரண்டாம் ஆண்டு விட்டுவிட்டது. இப்போது பெனி மெல்லாலில் ஜக்கராந்தாப் பூ என்ன நிறம் என்று பள்ளித் தேர்வில் கேட்டால் பிள்ளைகள் மஞ்சள் என்று எழுதுகிறார்கள். ஆசிரியர்கள் முழு மதிப்பெண் போடுகிறார்கள்.