கிண்ணத்தின் அடியில் மூன்று முத்திரைகள்

இவன் கொண்டுவரும் பொருளின் மேல் மட்டும் நான் இதுவரை ஊதிப் பார்த்ததே இல்லை. பழமைக்குச் சான்று கேட்டு வேறு யார் வெள்ளி கொண்டுவந்தாலும் முதலில் அதைத்தான் செய்வேன். அடிப்பக்கம் திருப்பி, வாயைத் திறந்து ஆவி விட்டால் போதும். காலத்தையும் தரத்தையும் காட்டும் முத்திரைகளை வேறொரு பழம்பொருளிலிருந்து வெட்டியெடுத்துப் பற்றவைத்திருந்தால், அந்த ஒட்டுக்கோடு ஈரப்படலத்தில் ஒரு நொடி தெரிந்து மறையும். தம்பியின் பொருளை அப்படிச் சோதிப்பது அவன் வாயை முகர்ந்து பார்ப்பதுபோல என்று நினைத்திருந்தேன். பதினோரு வருடங்களாக.

தம்பி டௌவே மேசைக்கு எதிரே, கோட்டைக்கூடக் கழற்றாமல், சர்க்கரை ரொட்டியில் வெண்ணெயை அப்பிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே லேவார்டன் நகரத்துக் கால்வாயில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"என்னக்கா, அதையே முறைச்சுப் பாக்குற? கிண்ணம் கடிச்சிடாது."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"மூணு மணிக்கு வாங்குறவங்க வந்துடுவாங்க. பேரன் பொறந்திருக்கானாம். பிராந்தியில திராட்சையப் போட்டு, ஊரே இந்தக் கிண்ணத்துலேர்ந்து அள்ளிச் சாப்பிடணுமாம், அந்தக் காலத்து மாதிரி. இருநூறு வருஷப் பழசுன்னு நீ எழுதிக் குடுத்துட்டா வேலை முடிஞ்சுது."

இரண்டு கைப்பிடிகள் கொண்ட அழகான கிண்ணம்தான். ஆனால் அடியில் மூன்று முத்திரைகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரிசையாக நின்றன. உள்ளங்கை அகலத்துக்கு இடம் இருக்கும்போது எந்தத் தட்டானும் அப்படி நெருக்கி அடிக்கமாட்டான். அந்த நெருக்கம் கரண்டிக் காம்புக்கு உரியது. அங்கேதான் இடம் கிடையாது.

ஊதினேன். முத்திரைகளைச் சுற்றி மெல்லிய நீள்சதுரம் ஒன்று எழுந்து, கரைந்தது.

பிறகு லென்ஸை வைத்துப் பார்த்தேன். மூன்றில் ஒன்றான நகர முத்திரையில், சிங்கத்தின் முகத்தில் குறுக்காக ஒரு கீறல்.

அந்தக் கீறல் விழுந்த நாள் எனக்குத் தெரியும். ஏழு வயதில் டௌவே பெயிண்ட் டப்பாவின் மூடியை எங்கள் வீட்டுப் பிறப்புக் கரண்டியின் காம்பால் நெம்பினான்; குழந்தை பிறந்ததற்குப் பரிசாக வந்த பரம்பரை வெள்ளிக் கரண்டி அது. எங்கள் பிறந்தநாள்களில் அம்மா அந்தக் கரண்டியால்தான் முதல் வாய் கஸ்டர்டு ஊட்டுவாள். நெம்பியது நான் என்று அம்மாவிடம் சொல்லி, அறையையும் நானே வாங்கிக்கொண்டேன். அம்மா போன பிறகு, அவனுக்குத்தானே மகள் இருக்கிறாள் என்று கரண்டியையும் அவனுக்கே விட்டுக்கொடுத்தேன்.

லென்ஸைக் கீழே வைத்தேன். அவனே சொல்லிவிட ஒரு வழி விடவேண்டும் என்று தோன்றியது.

"உன் மக நீன்கேகிட்ட அம்மாவோட கரண்டி பத்திரமா இருக்காடா?"

"அதுக்கென்ன? கண்ணாடி அலமாரில வெச்சிருக்கா. போன வாரம்கூடப் பாத்தேனே."

மெல்லுவதைக்கூட நிறுத்தவில்லை. பொய் சொல்கிறவன் ஒரு கணமாவது தடுமாறுவான், கண்ணைத் தாழ்த்துவான் என்றுதான் இத்தனை வயதுக்கும் நம்பியிருந்தேன்.

கிண்ணத்தை அவன் பக்கம் சாய்த்து இன்னொருமுறை ஊதினேன். ஈரம் காயும்வரை இருவரும் அதையே பார்த்தோம். டௌவே கத்தியை வைத்தான்.

"சும்மா டிராயர்ல கிடந்த கரண்டிதானேக்கா." சிரிக்கப் பார்த்தான். "கிண்ணம் நெஜ வெள்ளி. நூறு வருஷப் பழசு. கூட ஒரு நூறு வருஷம் சேத்துச் சொல்றோம். பச்சக்குழந்தைக்கு அதுல என்ன தெரியப்போகுது?"

"நான் ஊதிப் பாப்பேன்னு உனக்குத் தோணவே இல்லயா?"

"நீயா? என் சாமானையா?"

அவன் முகத்தில் நிஜமான வியப்பு. திருட்டைவிட அந்த வியப்புதான் என்னை எங்கோ ஆழத்தில் குத்தியது. முத்திரையை எங்கே பொருத்துவது என்று யோசித்தவன், என்னைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் இருந்திருக்கிறான். நான் அன்பு என்று வைத்திருந்தது அவன் பட்டறையில் ஒரு கருவியாக இருந்திருக்கிறது.

அவன் பையிலிருந்து சான்றிதழ்த் தாளை எடுத்து என் முன்னால் வைத்தான். பேனாவைத் திறந்து நீட்டினான்.

"இது ஒண்ணு மட்டும்க்கா. நீ எழுதலன்னா அவங்க வேற ஆளத் தேடுவாங்க. அந்த ஆள் இத மட்டும் பாத்துட்டு விடமாட்டான், முன்னாடி வித்ததையும் கேப்பான். அது எல்லாத்துலயும் உன் கையெழுத்துதான் இருக்கு."

"எல்லாமே இப்படித்தானா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கால்வாயில் படகு ஒன்று பாலம் தூக்கப்படுவதற்காகக் காத்து நின்றது. அவன் அதை மிகுந்த அக்கறையோடு பார்த்தான்.

அவன் கொண்டுவந்த ஒவ்வொரு கிண்ணமும், தேநீர்ப் பெட்டியும் நினைவில் வரிசையாக வந்தன. ஒன்றையும் நான் திருப்பி ஊதியதில்லை. யார் யார் வீட்டிலோ, என் பெயரை நம்பி, கண்ணாடிக்குப் பின்னால் அவை மின்னிக்கொண்டிருக்கும்.

"சீக்கிரம்க்கா. மணி ரெண்டே முக்கால்."

"வரட்டும். நானே அவங்ககிட்டப் பேசிக்கிறேன்."

"என்ன பேசுவ?"

நான் பேனாவை அவன் கையிலிருந்து வாங்கினேன். மூடியைத் தேடி எடுத்து, அழுத்திப் பொருத்தினேன். மேசையைச் சுற்றிப் போய் அதை அவன் கோட்டின் மேல்பையில் செருகி, மடங்கியிருந்த பையின் விளிம்பை நீவிவிட்டேன், பள்ளிக்குக் கிளம்புகிறவனுக்குக் கைக்குட்டை வைத்து அனுப்புவதுபோல.