டேஷ்போர்டில் ஒட்டிய பதவி

சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி புதுக்கார் வாங்கியதும் முதல் வேலையாகக் கார் கம்பெனிக்காரனைக் கண்டித்தார். டேஷ்போர்டில் இடதுபக்கம் ‘ஏர்பேக்’ என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தான். “காசு நம்மளது, விளம்பரம் அவனுதா?” என்று கேட்டுவிட்டு, அந்த எழுத்தை மறைத்து, அதன் மேலேயே தன் பித்தளைப் போர்டைப் பசைபோட்டு ஒட்டினார்.

‘தலைவர், தீப்பெட்டி உற்பத்தியாளர் நலச் சங்கம்.’ இதில் தலைவர் என்ற சொல், எதிரே வரும் லாரிக்காரன் கண்ணைக் கூசவைக்கும் அளவில் இருந்தது. ஆனால் போன தேர்தலில் அண்ணாச்சி தோற்றுவிட்டார். பொய் சொல்லவும் மனம் வரவில்லை. ஆகவே தலைவருக்கு மேலே ‘முன்னாள்’ என்றும் செதுக்கச் சொல்லியிருந்தார், கடுகளவில். செதுக்கியவரைத் தவிர யாரும் அதைப் படித்ததில்லை. அவரும் லென்ஸ் வைத்துத்தான் செதுக்கினார்.

கயத்தாறில் ஒரு கல்யாணம். முன்வரிசையில் நாற்காலி போட்டவர்கள் சால்வை போட மறந்துவிட்டார்கள். அந்தக் கடுப்போடு மனைவி மீனாட்சியம்மாளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, இடைசெவலில் ஒரு சொந்தக்காரர் வீட்டைப் பார்க்க வண்டியைத் திருப்பினார். ஊர்ச்சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பிவைத்திருந்தார்கள். போகிற வருகிற வண்டி ஏறினால் மணி உதிரும், அடிக்கிற கூலி மிச்சம். பஸ்கூட ஏறித்தான் போகும்.

அண்ணாச்சி ஹாரன் அடித்தார். உளுந்து ஒதுங்கவில்லை.

“ஊரான் உளுந்த அடிக்கவா நான் வண்டி வாங்கினேன்” என்று ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் ஓடைப்பாலத்துச் சுவரில் முட்டியது. இரண்டு பக்கமும் பலூன் வெடித்து விரிந்தது. அவருக்கு மூக்கில் ஒரு குத்தோடு சரி. மீனாட்சியம்மாள் இடது கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வந்தது.

திருநெல்வேலியில் கண் டாக்டர் பார்த்தார். “கண்ணுக்குள்ள ரத்தம் தேங்கியிருக்கும்மா. அது கரைஞ்ச பெறகுதான் பார்வை எவ்வளவுன்னு சொல்ல முடியும். அதுவரைக்கும் தலையை உயர்த்தி வச்சுப் படுங்க, குனியாதீங்க.” கண்மேல் பிளாஸ்டிக் மூடி ஒன்றை வைத்து ஒட்டினார்.

அண்ணாச்சி வராந்தாவில் நின்று கார் கம்பெனிக்காரனிடம் போனில் முழங்க ஆரம்பித்தார். “உயிரக் காப்பாத்த வச்ச பலூனு கண்ணப் பறிக்கவா? நஷ்டஈடு ஒரு கோடி. ஒத்த ரூவா கொறைய மாட்டேன். டெல்லி வரைக்கும் போவேன்.”

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. “மைக் இல்லாத மேடையில கத்துதமாரி கத்தாதீங்க. பக்கத்து பெட்ல ஆளு தூங்குது.”

சாயங்காலம் வக்கீல் முத்துகிருஷ்ணன் வந்தான். அண்ணாச்சிக்குத் தூரத்துத் தம்பி முறை. “கண்ணு முழுசாப் போயிருந்தா கேஸ் கல்லு மாதிரி நிக்கும் அண்ணாச்சி. பார்வை வந்துட்டாத்தான் சிக்கல்.”

அண்ணாச்சி போனைச் சட்டைப்பையில் போட்டார்.

“அந்தச் சிக்கல் வரட்டும்லே” என்றார். குரல் வராந்தாவைத் தாண்டவில்லை.

மறுநாள் முத்துகிருஷ்ணன் ஒர்க்‌ஷாப்பில் காரைப் பார்த்துவிட்டு, ஒரு மஞ்சப்பையோடு வந்தான். பைக்குள் போர்டு இருந்தது. ஒரு மூலை வளைந்து, மேலே காய்ந்த ரத்தம்.

“பலூன் ஒழுங்காத்தான் விரிஞ்சிருக்கு அண்ணாச்சி. அந்த எடத்துல எதையும் ஒட்டாதீங்கன்னு காரோட தந்த புஸ்தகத்துலயே போட்டிருக்கான். உங்க பதவிதான் முந்திப் போயி அடிச்சிருக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “போர்டு சங்கதி நம்மளோட இருக்கட்டும். கேஸப் போட்டுப் பாப்போமா?”

“எடுத்துட்டுப் போலே உன் கேஸ.”

அவன் கேஸை எடுத்துக்கொண்டு போனான். பை மட்டும் கட்டிலுக்கடியில் தங்கிவிட்டது. அதன்பிறகு போன் அடித்தாலும் அண்ணாச்சி எடுக்கவில்லை.

“ஒரு கோடி எங்க போச்சு? சத்தத்தையே காணோம்” என்றாள் மீனாட்சியம்மாள்.

“பலூன் இல்லட்டி. போர்டு.” அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“தெரியும். பித்தளை வாசம் அடிச்சது. கல்யாணமான நாள்லருந்து பித்தளை வெளக்குதவளுக்கு அதுகூடவா தெரியாது.”

“பெறகு ஏன் சொல்லல?”

“நீங்க கம்பெனிக்காரன ஏசிக்கிட்டு இருந்தீய. ஏசுத வரைக்கும் தெம்பா இருப்பீயன்னு விட்டேன். நீங்களும் உடைஞ்சு போயி உக்காந்தா, ரெண்டு பேரையும் யாரு பாக்கது?”

அண்ணாச்சி தலையணையை இழுத்து அவள் தலைக்கு உயரமாக வைத்தார். எந்த மேடையிலும் அவரை யாரும் இப்படி மடக்கியதில்லை.

மூடியை எடுத்த அன்று வெளிச்சம் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. ரத்தம் இன்னும் கரையணும் என்றார் டாக்டர். வீட்டுக்குப் போய்த் தினமும் நல்ல கண்ணை மூடிக்கொண்டு எதையாவது படித்துப் பார்க்கச் சொன்னார். மஞ்சப்பையையும் எடுத்துக்கொண்டு கோவில்பட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். காலண்டர் தாளில் தேதி தெரிந்தது, ராகுகாலம் தெரியவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் அண்ணாச்சி காலண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவள் இல்லையென்று தலையசைப்பாள். அவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போய் ஆறிய காப்பியைக் குடிப்பார்.

ஒருநாள் காலையில் அவள், “அந்த மஞ்சப்பையை எடுங்க” என்றாள்.

“அது எதுக்கு?”

“எடுங்கன்னா.”

ஜன்னல் வெளிச்சத்தில் போர்டைச் சாய்த்துப் பிடித்தாள். வலது கண்ணைப் பொத்தினாள்.

“தலைவர். இது குருடிக்கும் தெரியும். தீப்பெட்டி உற்பத்தியாளர் நலச் சங்கம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “தலைவருக்கு மேல என்னமோ எறும்பு ஊர்ந்தமாரி இருக்கே. மு… ன்… னா… ள். முன்னாள்.”

அண்ணாச்சி சுவரில் சாய்ந்துகொண்டார்.

“நல்லாப் பாத்துச் சொல்லு. கையை எடுக்கலயே?”

“எடுக்கல. முன்னாள்னுதான் போட்டிருக்கு. இவ்வளவு நாளா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீய?”

ஊரில் ஒருத்தன் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று காசு கொடுத்துச் சின்னதாக்கிய சொல் அது. அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னொரு தடவ படி” என்றார்.

“முன்னாள் தலைவர்” என்று படித்துவிட்டு, “நஷ்டஈடு ஒண்ணு பாக்கி இருக்கு” என்றாள். “இனி நான் உக்காருத பக்கம் எதையும் ஒட்டக்கூடாது.”

“ஒட்டல. நீ படி. கொஞ்சம் சத்தமாப் படி.”