தொடையெலும்பில் சுத்தியல்

என் முழங்காலில் தளர்ந்துபோன பழைய செயற்கை மூட்டைக் கழற்றுவது என்றால் திருகாணியைத் திருகி எடுப்பார்கள் என்று மடையன் மாதிரி நினைத்திருந்தேன். அடித்துத்தான் எடுத்தார்கள். தொடையெலும்பின் நுனியில் சீமெந்தால் ஒட்டியிருந்த உலோகத் தொப்பிக்கு உளி வைத்து, சுத்தியலால் அடித்து, எலும்புத் துண்டுகளோடு பிய்த்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் என் உடம்பு மேசையில் மேலே ஏறியது.

என் நுரையீரல் பழுதாம், முழு மயக்கம் தர ஏலாதாம். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்து, திரைக்கு இந்தப் பக்கம் விழித்தபடி கிடக்க விட்டார்கள். ஹம்பேர்க்கில் இத்தனை வருடம் பஸ் ஓட்டியவன், என் காலையே கராஜில் விட்டவன் மாதிரிக் கிடந்தேன். நொந்தால் உடனே சொல்லச் சொன்னார்கள். புது மூட்டின் நீளக் கம்பியை எலும்புக்குள் அடித்து இறக்கும்போது கால் துடித்தால் எலும்பு வெடிக்கும், பிறகு நடப்பதை மறக்கவேண்டியதுதான் என்று டொக்டர் முதலே எச்சரித்திருந்தார்.

கம்பி பாதி இறங்கியபோது விறைப்பு கலைந்தது. அடுத்த அடியில் நெருப்பு இடுப்புவரை ஏறியது. அதற்கடுத்த அடிக்கு நான் ஹம்பேர்க்கில் இல்லை. யாழ்ப்பாணத்து இராணுவ முகாமில், கதிரையோடு கட்டப்பட்டிருந்தேன். இதே முழங்காலைத்தான் அந்த நாசமறுப்பார் இரும்புக் குழாயால் உடைத்தார்கள். கத்தினால் இன்னும் அடிப்பார்கள். கத்தாதவனை அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். அப்படித்தான் உயிர் தப்பினேன்.

பல்லைக் கடித்தேன். உதடு கிழிந்து வாயெல்லாம் இரத்தம். தொடைத் தசை துடிக்கத் தொடங்கியது. நோகிறதா என்று டொக்டர் திரைக்கு அப்பாலிருந்து கேட்டார். இல்லை என்றேன். சுத்தியல் மறுபடி இறங்கியது.

தலைமாட்டில் நின்ற நர்ஸ் சுஜானி என் உதட்டைத் துடைத்தாள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. தன் அண்ணனும் பிடிபட்டு இராணுவ முகாமில் கிடந்தவர், பல்லுப் பிடுங்கும்போதுகூட நோகுது என்று சொல்லமாட்டார் என்று காலையில்தான் கதைத்திருந்தாள். என் கண்ணைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"அண்ணை, இஞ்சை கத்தினா அடிக்கமாட்டினம். நிப்பாட்டுவினம்."

பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"கத்துங்கோ."

கத்தினேன். அம்மாவைக் கூப்பிட்டு, அந்தக் கதிரையில் கத்தாததையும் சேர்த்துக் கத்தினேன்.

சுத்தியல் நின்றது.

பிறகு மருந்து ஏற்றி, எலும்பு வெடிக்காமல் மூட்டைப் பொருத்திவிட்டார்கள். இப்போது நடக்கிறேன். ஆனால் அன்றைக்கு, கத்தியவுடன் நிறுத்தினார்களே, அதற்குத்தான் மேசையில் கிடந்து குழந்தை மாதிரி அழுதேன்.